காலியான சாலையை நம்பாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவில் வாடகைக்கு வண்டி எடுத்துச் சுற்றுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். சிங்கம், யானைக் கதைகளை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் அதிகம் பேசப்போவது டயரைப் பற்றி.

சென்னையில் மாலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டியவனுக்கு உலகத்தில் எந்த ரோடும் சுலபம் என்று நமக்கு ஒரு நினைப்பு உண்டு. நமீபியாவிலும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலதுபக்கம்தான். பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல். 2023 கணக்கெடுப்பின்படி மக்களோ சுமார் 30 லட்சம் பேர்தான். எதிரே வண்டி வருவதே அபூர்வம். அப்புறம் என்ன பயம் என்கிறீர்களா? அந்தக் காலி ரோடுதான் பயம். நெரிசலில் நாம் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுகிறோம். யாருமே இல்லாத ரோட்டில் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்திவிடும்.

பி என்று தொடங்கும் எண் கொண்ட சாலைகள் பெரும்பாலும் தார் ரோடு. சி, டி என்று தொடங்குபவை பெரும்பாலும் சரளை. பார்க்க அகலமாக, நேராக, அழகாக இருக்கும். ஆனால் சிமெண்ட் தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் நடப்பது எப்படியோ அப்படித்தான் டயருக்கு இருக்கும். வளைவில் சட்டென்று பிரேக் போட்டாலோ, ஓரத்துக்கு இழுத்த வண்டியை வெடுக்கென்று திருப்பினாலோ வண்டி உருண்டுவிடும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அங்கே நேரும் மோசமான விபத்துகளில் பல, வேறு வண்டி எதுவும் மோதாமல் தானாகக் கவிழ்ந்தவைதான். சரளையில் 80க்கு மேல் போகக்கூடாது என்று பல வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. சில நிறுவனங்கள் வண்டியில் ஜிபிஎஸ் வைத்தும் கவனிக்கின்றன. என்னைக் கேட்டால் 70 போதும்.

இப்போது டயர். தார் ரோட்டில் வைக்கும் காற்றழுத்தத்தைச் சரளையில் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஆழமான மணலில் இன்னும் நன்றாகக் குறைக்க வேண்டும். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பது வண்டியையும் சுமையையும் பொறுத்தது. வண்டியை ஒப்படைக்கும் ஆளிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தமானியும், காற்று திரும்ப அடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸரும் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு கேளுங்கள். ஜாக்கியை அங்கேயே வெளியே எடுத்துப் பூட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடு வழியில் பஞ்சர் ஆனால் கூப்பிட ஆள் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. பெரும்பாலான காப்பீடுகளில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், மணல் புயலில் உரிந்த பெயிண்ட் இவையெல்லாம் தனிக்கட்டணம் கட்டினால்தான் சேரும். சில ஒப்பந்தங்களில் எதுவுமே சேராது. பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நம் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

இரவில் ஓட்டவே கூடாது. குடு என்று ஒரு பெரிய மான் இனம் உண்டு, ஆணின் எடை 200 கிலோவைத் தாண்டும். இருட்டில் அது ரோட்டில் குதித்தால் மானுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்பதும் வழக்கமான நிபந்தனை. ஆகவே போனில் வரும் வரைபடம் நாலு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.

பங்க் கண்ணில் பட்டால் டேங்க் பாதி இருந்தாலும் நிரப்புங்கள். கடற்கரையில் உள்ள வால்விஸ் பே ஊரை விட்டால், பாலைவனத்துக்குள் சாலிட்டேர் என்ற சிற்றூர் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் பங்க் கிடையாது. சாலிட்டேரில் ஆப்பிள் பை பிரபலம். பெட்ரோல் போட்டுவிட்டு அதையும் ஒரு கை பார்க்கலாம். அங்கிருந்து போனால் செஸ்ரியம் என்ற பூங்கா வாயில், அதற்குள் சோசுஸ்வ்லேய் மணல்மேடுகள். வாயிலிலிருந்து 60 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு, கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். நாலு சக்கர இழுவை (4x4) வண்டி இருந்தாலும், மணலில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் அங்கே ஓடும் ஷட்டில் வண்டியில் போவதே மேல். மாட்டிக்கொண்ட வண்டியைத் தோண்டி எடுப்பதற்குள் காலை வெயில் போய்விடும்.

கடற்கரையில் கதை வேறு. பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் தெற்கிலிருந்து வருகிறது. அதனால் பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் மழை கிடையாது, மூடுபனி உண்டு. ஸ்வாகோப்முண்ட் என்ற கடற்கரை ஊரில் காலையில் ஸ்வெட்டர் போடாமல் நிற்க முடியாது. அங்கிருந்து வடக்கே ஹென்டீஸ் பே தாண்டிப் போகும் பாதையில் உப்பும் ஜிப்சமும் கலந்து கெட்டித்த சாலை வருகிறது. காய்ந்திருந்தால் தார் ரோடு தோற்றுப்போகும். பனி நனைத்துவிட்டால் சோப்பு போட்டது போல் வழுக்கும், ஆனால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுங்கள். அதே பாதையில் இன்னும் வடக்கே உள்ள எலும்புக்கூட்டுக் கடற்கரைப் (ஸ்கெலிட்டன் கோஸ்ட்) பூங்காவைக் கடந்து போக வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்; மதியம் 3 மணிக்குப் பிறகு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தெற்கே லூடெரிட்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள். பிற்பகல் காற்றில் மணல் ரோட்டின் குறுக்கே மேடு கட்டிவிடும். ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, இருபுறமும் வைரத்துக்காகத் தடை செய்யப்பட்ட பகுதி. 1908இல் ஸகரியாஸ் லெவாலா என்ற ரயில்பாதைத் தொழிலாளி கண்டெடுத்த வைரத்தால்தான் கோல்மான்ஸ்கோப் என்ற ஊரே எழுந்தது. 1956 வாக்கில் காலியாகிவிட்டது. வீடுகளுக்குள் மணல் நிரம்பிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே லூடெரிட்ஸில் ஷார்க் தீவு இருக்கிறது. ஹெரேரோ, நாமா என்ற உள்ளூர் மக்களை, அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மானியர்கள் அடைத்துக் கொன்ற முகாம் அது. அங்கே கூடாரம் போட்டுத் தங்க இடம் விட்டிருக்கிறார்கள். நான் தங்கமாட்டேன், நின்று பார்த்துவிட்டு வருவேன்.

சாப்பாட்டைக் கேட்டார் ஒருவர். இறைச்சி விரும்பிகளுக்குச் சொர்க்கம். சைவக்காரர்கள் அரிசி, பருப்பைத் தலைநகர் விண்ட்ஹூக்கில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, கூரைக் கூடாரத்தோடு வரும் வண்டியில் அடுப்பும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கு மக்கள் மஹாங்கு என்று சாப்பிடுவது நம் கம்புதான், களியாகவே கிண்டுகிறார்கள். ஆனால் வடக்கே வாங்கிய பச்சை இறைச்சியைத் தெற்கே கொண்டுவர வேண்டாம். கால்நடை நோய்க்காக நாட்டின் குறுக்கே வேலி போட்டிருக்கிறார்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

பணத்துக்குத் தென்னாப்பிரிக்க ராண்ட் போதும். நமீபிய டாலரும் அதுவும் ஒரே மதிப்பு, அங்கே இரண்டும் செல்லும். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது நமீபிய டாலரைச் செலவழித்துவிட்டு வாருங்கள், வெளியே அதை மாற்றுவது பெரும்பாடு.