பஞ்சு யாருடையது?

[காட்சி: உதகை. ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள். மேசைமேல் நூலகப் புத்தகம் ஒன்று, கோடு போட்ட நோட்டு, நீலம் ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு பேனாக்கள்.]

வணக்கம். ஊட்டியில் ஜூலை மழை பிடித்துக்கொண்டால் நூலகத்தைவிட்டு வெளியே போக மனம் வராது. ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு அது நல்ல காலம். எழுத்துத் திருட்டு பெரும்பாலும் தொடங்குவதும் அந்த மேசையில்தான், திருடும் எண்ணமே இல்லாமல்.

முதுகலை படித்தபோது எனக்கே இது நேர்ந்தது. சோலைக்காடுகளைப் பற்றி நோட்டில் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருந்தேன். நான்கு மாதம் கழித்துப் பிரித்தால், எது புத்தகத்தின் வரி, எது என் வரி என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். ஒரு பத்தி மிக அழகாக இருந்தது. அதனாலேயே அது என்னுடையது அல்ல என்று நெறியாளர் கண்டுபிடித்துவிட்டார்.

[காட்சி: நோட்டுப் பக்கம், நெருக்கத்தில். வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

ஒரு புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “சோலைக்காடுகள் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகத் தருகின்றன.”

மாணவர் எழுதுகிறார்: “சோலை வனங்கள் மழைத்தண்ணீரைப் பஞ்சைப் போல ஈர்த்து வைத்து, வெயில் காலத்திலும் நீரோடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வழங்குகின்றன.”

காடு வனமாயிற்று. நீர் தண்ணீராயிற்று. பஞ்சு மட்டும் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த உவமை நூலாசிரியருடையது. வாக்கியத்தின் எலும்புக்கூடும் அவருடையதே. அடியில் அவர் பெயரைப் போட்டாலும் குறை தீராது, ஏனென்றால் சொற்கள் உங்களுடையவை என்று படிப்பவர் நம்பிவிடுவார். வரி அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்:

“கோடையில் ஓடை வற்றாததற்கு மேலே உள்ள சோலையே காரணம் என்கிறார் நூலாசிரியர். நான் பார்த்த இரண்டு ஓடைகளில், சோலைக்குப் பதிலாகச் சீகை என்னும் அயல்நாட்டு மரங்கள் பரவிய சரிவில் இருந்தது மார்ச் மாதத்திலேயே வற்றியிருந்தது.”

முதல் வாக்கியத்தின் முடிவில் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண். இரண்டாவதற்கு எதுவும் வேண்டாம். அது உங்கள் கால்கள் நடந்து போய்ப் பார்த்தது.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பதற்கும் சான்று தேட வேண்டாம். இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். 2018-இல் ஒரு சரிவில் எத்தனை செடிகள் பூத்தன என்று எழுதினால், எண்ணியவர் யார் என்று சொல்லியாக வேண்டும்.

[காட்சி: கணினித் திரையில் ஒப்புமை அறிக்கை. வரிகள் மஞ்சளில்.]

சதவீதக் கணக்குக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு பொருந்துவதாக மென்பொருள் காட்டும் பங்கு, 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகக் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. 10 சதவீதம் திருடிக்கொள்ளலாம் என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கருதுகோள், முடிவுகள் முதலிய மையப் பகுதிகளில் ஒப்புமையே கூடாது என்று அதே விதி சொல்வதை அவர்கள் படிப்பதில்லை.

மென்பொருளுக்குச் சிக்காத திருட்டு ஒன்று நம்மிடையே தாராளமாக நடக்கிறது: ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துத் தன் பெயரில் போடுவது. திரையில் மஞ்சள் தெரியாமல் போகலாம், ஆனால் கருத்துக்குச் சொந்தக்காரர் மாறவில்லை. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே “என்ப” என்ற சொல் வருகிறது. தமிழுக்கு எழுத்து முப்பது என்று சொல்வதற்குக்கூட, ‘என்று சொல்வார்கள்’ என முன்னோர்மேல் போட்டுப் பேசிய மொழி நம்முடையது.

[காட்சி: மீண்டும் நோட்டு. கறுப்பு மையில் ஒரு வரி, அதன் கீழே நீலத்தில் ஒரு வரி.]

என் ஏற்பாடு எளியது. புத்தகத்தின் சொல் கறுப்பில், என் சொல் நீலத்தில். கறுப்பு வரி ஒவ்வொன்றின் ஓரத்திலும் பக்க எண், புத்தகம் கையில் இருக்கும்போதே. ஒரே ஒரு பக்க எண்ணுக்காகக் கோத்தகிரியிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்தவன் நான். அன்று நூலகத்துக்கு விடுமுறை.