வூடி ஆலனும் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸும்

அவையோர்க்கு வணக்கம்.

1978 ஏப்ரல் 3, திங்கட்கிழமையன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஆஸ்கர் விழாவில், சிறந்த படம், இயக்குநர், அசல் திரைக்கதை, நடிகை என நான்கு விருதுகளை ‘ஆனி ஹால்’ வென்றது. அதன் இயக்குநர் வூடி ஆலனோ அன்றிரவு நியூயார்க்கில், மைக்கேல்ஸ் பப் என்னும் விடுதியில், தம் வழக்கமான திங்கட்கிழமைக் கச்சேரியில் கிளாரினெட் என்னும் துளைக்கருவியை வாசித்துக்கொண்டிருந்தார். விருதை அவர் அலட்சியம் செய்தார் என்று பலரும் சொல்வதுண்டு. வாரந்தோறும் தவறாமல் போய் அமர்ந்து வாசிக்கும் அந்த ஒழுங்கில்தான் அவருடைய திரைவாழ்வின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

1935-இல் நியூயார்க்கில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர் அவர். பள்ளிப் பருவத்திலேயே நாளிதழ்ப் பத்தியாளர்களுக்குத் துணுக்குகள் எழுதி அனுப்பி, பின்னர் தொலைக்காட்சிக்கு எழுதி, 1960களில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதி மேடைகளில் தனியாளாக நின்று சிரிக்கவைத்தார். 1969-இல் வந்த ‘டேக் த மணி அண்ட் ரன்’ தொடங்கி 2023-இல் பிரெஞ்சு மொழியில் எடுத்த ‘கூ த ஷான்ஸ்’ வரை, ஏறத்தாழ ஆண்டுக்கொன்றாக ஐம்பது படங்களை எட்டினார். 1992-இல் தம்மீது எழுந்த பாலியல் குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. எனினும் 2018-க்குப் பின் அமெரிக்கத் திரையுலகில் பலர் அவரிடமிருந்து விலகினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர் வாசிப்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பழைய ஜாஸ் இசை. சிட்னி பெஷே, ஜார்ஜ் லூயிஸ் போன்ற அந்நகரத்துக் கிளாரினெட் கலைஞர்கள் அவருக்கு ஆதர்சம். அந்த இசையில் கார்னெட் என்னும் சிறு எக்காளம் மெட்டை நேராக எடுத்துச்செல்ல, டிராம்போன் என்னும் பெரிய எக்காளம் கீழிருந்து தாங்க, கிளாரினெட் இரண்டுக்கும் மேலே இழையோடும். மூன்றும் ஒரே நேரத்தில், எழுதிவைத்த குறிப்பின்றி, ஒன்றையொன்று கேட்டபடியே பேசும். 1973-இல் வந்த ‘ஸ்லீப்பர்’ இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய உலகில் நடக்கும் கதை. ஆயினும் அதற்கு நியூ ஆர்லியன்ஸின் ப்ரிசர்வேஷன் ஹால் இசைக்குழுவினருடன் தாமே அமர்ந்து இந்தப் பழைய இசையைத்தான் வாசித்தார்.

இசையின் இந்த இயல்பு அவருடைய காட்சியமைப்பிலும் படிந்திருக்கிறது. ‘ஹன்னா அண்ட் ஹர் சிஸ்டர்ஸ்’ படத்தில் மூன்று சகோதரிகள் உணவகத்தில் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தன் அடுத்த திட்டத்தைச் சொல்லிச் சீறுகிறாள். மூத்தவள் அறிவுரை சொல்கிறாள். அந்த மூத்தவளின் கணவனோடு இரகசிய உறவு வைத்திருக்கும் மூன்றாமவள் குற்றவுணர்வில் குமைகிறாள். கேமரா அவர்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பேசுபவளை விட்டு, கேட்பவளின் முகத்தில் அது நிலைக்கும்போதுதான் காட்சியின் பாரம் நமக்கு விளங்குகிறது. வசனத்தைத் தம் சொந்தச் சொற்களில் மாற்றிப் பேச நடிகர்களுக்கு அவர் இடம் கொடுப்பதும் இதே மரபுதான்.

தம் வாசிப்பைப் பற்றி அவருக்கு மயக்கம் ஏதுமில்லை; தம்மை ஓர் ஆர்வலர் என்றே சொல்லிவந்திருக்கிறார். 1999-இல் எடுத்த ‘ஸ்வீட் அண்ட் லோடவுன்’ படத்தின் கற்பனைக் கிதார் கலைஞன் எம்மெட் ரே, உலகிலேயே தனக்கு மேல், உண்மையில் வாழ்ந்த ஜாஸ் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் ஒருவர்தான் என்று நம்புகிறவன். அந்த மேதையை நேரில் கண்டாலே மயங்கி விழுபவன். மேதைமைக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தை வாத்தியத்தைத் தொட்டே அளந்தறிந்த ஒருவரின் கையிலிருந்துதான் அத்தகைய பாத்திரம் பிறக்கும் என்று கருதுகிறேன்.