தேவாலயத்துக்குள் இன்னொரு கட்டடம்

அவையோருக்கு வணக்கம்.

வழிபாடு நின்றுபோன தேவாலயத்தை என்ன செய்யலாம் என்றதும் உணவகமா, நூலகமா என்று பேச்சு ஓடுகிறது. முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். பூட்டிக்கிடக்கும் கட்டடத்தின் கூரை வாய்க்காலில் சருகு அடைத்தால் மழைநீர் சுவருக்குள் இறங்கும்; சுவரில் பதிந்திருக்கும் உத்திரத்தின் முனைதான் முதலில் உளுக்கும். முன்பு யாரேனும் சிமெண்ட் பூசியிருந்தால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் முகப்பே பொரிந்து உதிரும். இதைச் சரிசெய்யாமல் உள்ளலங்காரத்துக்கு ஒரு காசும் செலவிடக் கூடாது.

அடுத்தது இடம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1294-இல் அர்ச்சிக்கப்பட்ட, டொமினிக்கன் சபைத் துறவிகளின் தேவாலயத்தைப் பாருங்கள். 1794-இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தபின் வழிபாடு நின்றது. கிடங்காக இருந்தது, சைக்கிள் நிறுத்தும் இடமாகவும் இருந்தது. 2006-இல் புத்தகக் கடையானது. கடைக்கு வேண்டியது சுமார் 1,200 சதுர மீட்டர். தரையில் இருந்ததோ 750. குறுக்கே தளம் போட்டிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். அந்தக் கூடத்தின் உயிர் போயிருக்கும். மெர்க்ஸ், ஜிரோட் என்ற கட்டடக்கலைஞர்கள் கறுப்பு எஃகில் ஆள் ஏறி நடக்கும் அலமாரியை ஒரே பக்கமாக நிறுத்தினார்கள். மறுபக்கம் தரையிலிருந்து வளைகூரை வரை திறந்தே கிடக்கிறது. கிடங்கும் கழிப்பறையும் நிலத்தடியில். அந்தக் கடையில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒருபக்கச் சாய்வைத்தான்.

கழிப்பறையைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். இடைக்காலத் தேவாலயங்களில் கழிவுநீர்க் குழாயே கிடையாது. தரைக்கடியிலும் வளாகத்திலும் கல்லறைகள் இருக்கும். குழாய்க்குப் பள்ளம் தோண்ட அனுமதி வேண்டும், தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும், எலும்பு கிடைத்தால் வேலை நிற்கும். எனவே குழாய் போகும் வழியை முடிவு செய்தபிறகே மற்ற வரைபடங்களைத் தொடங்குங்கள்.

வெப்பமூட்டுவதிலும் பலர் தவறுகிறார்கள். கூடம் முழுவதையும் சூடாக்கினால் காற்று மேலே போய்விடும், கட்டணம் மட்டும் கீழே நிற்கும். இங்கிலாந்தின் போல்ட்டனில் ஆல் சோல்ஸ் தேவாலயத்துக்குள் 2014-இல் தனித்து நிற்கும் ஒரு கட்டடத்தையே எழுப்பினார்கள். அதன் அறைகளை மட்டும் சூடாக்கினால் போதும்.

அதே நாட்டின் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால் தேவாலயத்தைச் சர்க்கஸ் பள்ளியாக்கினார்கள். உயரமே அங்கே மூலதனம். ஆனால் ஆள் தொங்கும் கயிறு திடீரென இழுக்கும் விசை, ஆளின் எடையைப்போல் பல மடங்கு. பழைய உத்திரம் தாங்குமா என்று பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லாமல் ஒரு கொக்கியும் மாட்டக் கூடாது.

குத்தகைதாரர் மாறுவார் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். மாஸ்ட்ரிக்ட் கடையை நடத்திய நிறுவனம் 2014-இல் நொடித்தபோது வாசகர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படி நடக்காது. ஆகையால் புதிய பாகங்களை வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டு இணையுங்கள். கழற்றும் செலவு யாருடையது என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.