சருகுமானும் ஒரு முழக் கம்பியும்

(வால்பாறையில் நடந்த ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனச்சரகர் அவர்களே, நகராட்சி உறுப்பினர்களே, வாடகை வேண்டாம் என்று சொல்லி இந்த ஒலிபெருக்கியை அனுப்பிவைத்த பந்தல் கடை அண்ணன் அவர்களே, பகலெல்லாம் இலை பறித்துவிட்டு அலுப்பைப் பார்க்காமல் வந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைமையாசிரியை அம்மா எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதை என்ன செய்யப்போகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன். நம் காட்டுச் சின்ன மான்கள் யார், எந்தக் குடும்பம் என்பது ஒன்று. அவை எப்படி உருவாகி வந்தன என்பது இரண்டு. மரை, இரலை, உழை, நவ்வி என்று சங்கப் பாட்டில் வரும் மான் பெயர்கள் மூன்றாவது. நம் பெரியவர்கள் ஒரு சொல் சொல்வார்கள், "மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது" என்று. இந்தப் பேச்சு முழுக்க அதுதான்.

முதலில் சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு அடி உயரம், மூன்று கிலோ சுமார் எடை. பெயரில் மான் இருக்கிறது, ஆனால் அது மான் இல்லை! மேற்கே மலையாளத்தில் கூரமான் என்பார்கள், கூரன்பன்றி என்றும் சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் தடுமாறியதில் நியாயம் இருக்கிறது. அசைபோடும், ஆனால் கொம்பு கிடையாது. ஆணுக்கு மேல்வாயில் கோரைப்பல் உண்டு. பசுவுக்கு நான்கு அறை வயிறு, இதற்கு மூன்று. காலில் பன்றிக்கு இருப்பதுபோல நான்கு விரல்களும் முழுசாக இருக்கும்.

வெகுகாலம் இதைக் கஸ்தூரி மானோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். 1864ல் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர்தான் இது தனிக் குடும்பம் என்று பிரித்தார். அசைபோடும் கூட்டத்தை ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பசு, ஆடு, புள்ளிமான், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அதில் ஒரே பகுதியில் இருக்கிற சொந்தம். சருகுமான் அவற்றுக்கெல்லாம் முன்பே பாகம் பிரிந்துபோன பங்காளி. ஒரு காலத்தில் இந்தப் பங்காளிகள் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, நம் சிவாலிக் மலை வரைக்கும் பரவியிருந்ததற்குப் புதைபடிவங்கள் இருக்கின்றன. இன்றைக்குத் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரு கூட்டம், இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று, அவ்வளவுதான். நம்முடையதும் இலங்கையினுடையதும் ஒரே இனம் என்றிருந்ததை 2005ல் குரோவ்ஸ், மைஜார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு ஒன்று, இலங்கையின் உலர் பகுதிக்கு ஒன்று, ஈரப் பகுதிக்கு ஒன்று.

இன்னொன்று கேளையாடு. ராத்திரியில் நாய் குரைப்பதுபோல் காட்டுக்குள்ளிருந்து கேட்குமே, அதுதான். இது உண்மையான மான். ஆணுக்குக் குட்டைக் கொம்பும் இருக்கும், கோரைப்பல்லும் இருக்கும். மான் குலத்தின் பழைய ஆயுதமான பல்லும் புதிய ஆயுதமான கொம்பும் ஒரே தலையில் நிற்பதை இதில் பார்க்கலாம். அதைவிட அதிசயம் அதன் உயிரணுவுக்குள். நமக்கு 46 குரோமோசோம். சீனாவில் இருக்கும் ரீவ்ஸ் கேளைக்கும் 46. நம் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7! பாலூட்டிகளிலேயே மிகக் குறைவு. 1970ல் இதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருக்கும் மரபுச் சரக்கு பெரிதாகக் குறையவில்லை, பல நோட்டுகளைச் சேர்த்து ஒரே பைண்டாகத் தைத்ததுபோல முனையோடு முனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது.

இப்போது ஒரு கதை சொல்ல வேண்டும். இருபது வருஷம் முன்பு, பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்த நாளில், ஒரு லீவு நாள் எஸ்டேட் ஓரத்துச் சோலைக்குள் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த ஒரு காடர் பழங்குடிப் பெரியவரோடு போனேன். ஒரு பலா மரத்தடியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அட்டை ஏறுகிறது, மழை தூறுகிறது. அரைமணி நேரம் போயிற்று. "ஐயா, இங்கே ஒன்றும் இல்லையே, கிளம்பலாமா?" என்றேன். அவர் அசையாமல், "உங்க காலுக்கு நாலடியில நிக்குது சார்" என்றார்.

பார்க்கிறேன், சருகுதான் தெரிகிறது. சருகின் மேல் இலை வழியாக விழுந்த வெயில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. அப்புறம்தான் உறைத்தது, மழை தூறுகிறதே, வெயில் எங்கிருந்து வரும்? அந்தப் பொட்டுதான் அதன் விலா. உடம்பின் வெள்ளைக் கோடுகள். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் மறுபடி தேட வேண்டியிருந்தது. பென்சில் தடிமனில் கால். மூக்கு மட்டும் ஈரமாக ஆடியது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் வாத்தியார் ஆனேன் என்று தோன்றியது.

ஒரு மாதம் கழித்து அதே பெரியவர் என்னைக் கூட்டிப்போனார். அதே சோலை, வேலி ஓரம். சுருக்கில் ஒரு சருகுமான். முன்னங்கால் எலும்பு தெரிய அறுந்திருந்தது. தன் துண்டைப் போட்டு அதன் கண்ணை மூடிவிட்டுக் கம்பியைத் தளர்த்தினார். வனத்துறைக்கு ஆள் அனுப்பினோம். அவர்கள் வந்து சேர்வதற்குள் அவர் மடியிலேயே அடங்கிவிட்டது. அந்தக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நுனியில் ஒரு சின்ன ஈயக் குண்டு இருந்தது. பைக் கிளட்ச் வயர். அதற்கு முந்தின வாரம்தான் என் வண்டிக்குக் கிளட்ச் வயர் மாற்றியிருந்தேன். பழையது எங்கே போயிற்று என்று மெக்கானிக்கிடம் நான் கேட்கவே இல்லை. அது என் கம்பியா, தெரியாது. இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது.

சரி, பரிணாமத்துக்கு வருகிறேன். ஜம்மு பகுதியில் காலாகோட் என்ற ஊரில் ரங்கா ராவ் என்ற புவியியலாளர் பாறைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, அவர் மனைவி அவற்றைத் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். உள்ளே 4.8 கோடி ஆண்டு பழைய ஒரு சிறு விலங்கு. பார்வைக்குச் சருகுமான் மாதிரி, காது எலும்பு மட்டும் திமிங்கிலத்தினுடையது! இண்டோஹையஸ் என்பது அதன் பெயர். 2007ல் உலகத்துக்குச் சொன்னார்கள். சருகுமானிலிருந்து திமிங்கிலம் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஆப்பிரிக்கச் சருகுமான் இன்றைக்கும் ஆபத்து என்றால் தண்ணீருக்குள் முங்கிவிடும். திமிங்கிலத்தின் முன்னோர் தண்ணீரில் எப்படிக் கால் வைத்திருப்பார்கள் என்று யோசிக்க இந்தச் சின்ன உடம்புதான் நமக்கு உதவுகிறது. மூர்த்தி சிறிது!

வியட்நாமில் வெள்ளிமுதுகுச் சருகுமான் என்று ஒன்று. 1910ல் பெயர் வைத்தார்கள். 1990ல் வேட்டைக்காரர் ஒருவரிடம் ஒரு உடல் கிடைத்தது. அதற்குப் பிறகு தகவலே இல்லை. ஊர் மக்களிடம் விசாரித்து, அவர்கள் சொன்ன இடங்களில் தானியங்கிக் கேமரா வைத்தார்கள். உயிரோடு படம் கிடைத்த செய்தி 2019ல் வந்தது. அங்கே அந்த விலங்குக்கு முதல் எதிரி யார் தெரியுமா? புலி இல்லை, சிறுத்தை இல்லை. சுருக்குக் கம்பி. இங்கே என்ன நடக்கிறதோ அதேதான் அங்கேயும்.

வனச்சரகர் ஐயா முன்னிலையில் சொல்கிறேன். சட்டம் இருக்கிறது, 1972ம் வருஷத்துச் சட்டம், சருகுமான் அதில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் முழ நீளக் கம்பியைச் சட்டம் வந்து பொறுக்காது. மெக்கானிக் தம்பிகளிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கழற்றிய கிளட்ச் வயரையும் பிரேக் வயரையும் முழுசாக எறியாதீர்கள். சாண் சாணாக வெட்டி டப்பாவில் போடுங்கள். சாண் கம்பியில் சுருக்குப் போட முடியாது. வண்டி வைத்திருப்பவர்கள் பழைய வயரைக் கேட்டு வாங்கி, நின்று வெட்டச் சொல்லுங்கள். நான் நாலு கடையில் கேட்டேன். மூன்று கடையில் அன்றைக்கே டப்பா வைத்துவிட்டார்கள்.

சங்கப் பாட்டு மான்களுக்கு நேரம் இல்லை என்று அம்மா கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள், நவ்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காடர் பெரியவர் இன்று இல்லை. அவர் மகன், அவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்தான், பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். வாப்பா மேடைக்கு. இந்தப் பொன்னாடை உனக்கு. வாசலில் மேசை மேல் இரண்டு கட்டிங் பிளேயரும் ஒரு தகர டின்னும் வைத்திருக்கிறேன். வீட்டில் பழைய வயர் கிடந்தால் அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள், ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன்.

நன்றி, வணக்கம்.