யாருடைய மாமா?

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

2023 டிசம்பர் 17 இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நேரம் அது. தாமிரபரணிக் கரையிலுள்ள சிந்துபூந்துறையில் எங்கள் மாடியில் ஐந்து குடும்பங்கள் ஒண்டியிருந்தோம். மின்சாரம் இல்லை. ஒருவர் கைப்பேசியில் குரல் பதிவு வந்தது: “பாபநாசம் அணை உடைந்துவிட்டது. எங்கள் மாமா அங்கேதான் வேலை பார்க்கிறார். உடனே வெளியேறுங்கள்.”

எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதிப் படியிலேயே தண்ணீர் முழங்காலைத் தொட்டது. நாற்காலியின் பின்காலைப் பிடித்திருந்த பையன் நின்றுவிட்டான். “யாருடைய மாமா, அண்ணாச்சி?” என்று கேட்டான்.

பதிவை அனுப்பியவரை அழைத்தோம். அவருக்கு இன்னொருவர் அனுப்பியதாம். அந்த இன்னொருவருக்கும் அணையில் மாமா யாரும் இல்லை. ஆச்சியை மேலே ஏற்றினோம். அணை உடையவில்லை.

அறிவு வரும் வழிகளைச் சைவ சித்தாந்தம் அளவை என்கிறது. காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவதைக் கண்ணால் பார்ப்பது காட்சி. செந்நிறத் தண்ணீரும் மரக்கிளைகளும் வந்தால் மலையில் மழை என்று அறிவது கருதல். அம்பாசமுத்திரத்திலிருந்து மைத்துனர் “இங்கே ஆறு ஏறுகிறது” என்று சொல்வது உரை. நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வழியில் வந்தது. நாம் பிறந்த நாளைக்கூட அம்மா சொல்லித்தானே அறிந்தோம்!

சொல்பவர் விஷயம் அறிந்தவர், வஞ்சிக்காதவர் என்ற நம்பிக்கையில்தான் உரை அளவை நிற்கிறது. பொய்த் தகவலைத் திட்டமிட்டுச் செய்கிறவன் கைவைப்பது அங்கேதான். பயத்தில் அனுப்பிவைத்தவரை நான் குறை சொல்லவில்லை. முதலில் அந்த மாமாவை உண்டாக்கியவனைச் சொல்கிறேன். மாமாவைச் சேர்க்காமல் அவன் அணையைப் பற்றி மட்டும் பேசியிருந்தால், நாங்கள் நாற்காலியைத் தூக்கியிருக்க மாட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று எங்களை யாரும் தள்ளவில்லை. அணை உடைந்தால் வெளியேற வேண்டும் என்ற எங்கள் யோசனையில் பிழையும் இல்லை. மிரட்டலுக்குப் பணிந்தவனுக்குத் தான் பணிந்தது தெரியும். பொய்த் தகவலுக்கு ஆட்பட்டவனோ தன் புத்திப்படி நடந்ததாகவே நினைக்கிறான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. அஞ்சி ஊருக்கு ரயில் ஏறியவர்களும் அதைத் தாங்களே எடுத்த முடிவு என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்.

‘ஐயந்திரிபற’ என்கிறோமே, அதில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிபு. கயிறா, பாம்பா என்று முடிவுசெய்ய முடியாமல் நிற்பது ஐயம். இரண்டாவதையும் காசாக்கலாம். 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன. புற்றுநோய்க்குச் சிகரெட் காரணம் என்பதற்கு நிரூபணம் இல்லை என்றன. 1969-இல் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் உள்குறிப்பு, “ஐயமே நமது சரக்கு” என்று வெளிப்படையாகவே எழுதியது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வரியைப் படித்தபோது என் கை நடுங்கியது.

ஐயம் என்ன செய்யும் என்பதை 2024 டிசம்பரில் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். ஆறு மறுபடியும் பெருகியது. கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகும்படி ஒலிபெருக்கி வண்டி சொல்லிக்கொண்டே போனது. நாங்கள் கூப்பிட்டும் ஆச்சி வாசலை விட்டு நகரவில்லை.

“இதுவும் அந்த மாமா சொன்னதுதானே?” என்றார்.

அவரைச் சம்மதிக்கவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தண்ணீர் தெருமுனைக்கு வந்திருந்தது.