கியூபனைத் தூக்கிவிட்டது காலம்தான்

நடுவர் அவர்களுக்கும், இவ்வளவு நேரம் உழைப்பு உழைப்பு என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்த எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். அமெரிக்கத் தொழிலதிபர் மார்க் கியூபன் இணைய ஊடகத்தில் பெரும் பணக்காரர் ஆனது உழைப்பாலா, காலத்தாலா? இதுதான் தலைப்பு. காலத்தால் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

அதற்காக அந்த மனிதர் உழைக்கவில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதீர்கள். எதிரணியின் முதல் பேச்சாளர் சொன்னது அத்தனையும் உண்மை. பிட்ஸ்பர்க்கில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தவரின் மகன், 12 வயதில் வீடு வீடாகப் போய் குப்பைப் பை விற்றவர், 1982ல் டல்லாஸுக்குப் போய் நண்பர்கள் நெருக்கியடித்துத் தங்கிய வீட்டில் தரையில் படுத்துக்கொண்டு பாரில் வேலை பார்த்தவர். அப்புறம் ஒரு மென்பொருள் கடையில் விற்பனையாளர். காலையில் கடையைத் திறக்காமல் ஒரு வியாபாரத்தை முடிக்கப் போனார் என்பதற்காக அங்கிருந்தும் விரட்டிவிட்டார்கள். (பணம் கொண்டுவந்தவனை விரட்டிய அந்த முதலாளியைப் பற்றித் தனியாக ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்.)

வேலை போனதும் மைக்ரோ சொல்யூஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தருவது தொழில். ஏழு வருடம் போல ராப்பகலாக உழைத்து, 1990ல் அதை கம்ப்யூசர்வ் என்ற கணினி இணைப்புச் சேவைக் கம்பெனிக்கு 60 லட்சம் டாலருக்கு விற்றார். வரி போக அவர் கைக்கு வந்தது சுமார் 20 லட்சம். நல்ல பணம்தான். உழைப்புக்கு உலகம் கொடுக்கிற கூலி ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது 1995க்கு வருவோம். கியூபனும் அவரோடு இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்த டாட் வாக்னரும், தங்கள் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வர்ணனையை டல்லாஸில் உட்கார்ந்தபடி கேட்க வழியுண்டா என்று யோசித்து, இன்னொருவர் ஏற்கெனவே தொடங்கியிருந்த ஆடியோநெட் என்ற சிறு நிறுவனத்தைக் கையில் எடுத்தார்கள். யோசனை முதலில் வந்தது வேறொருவருக்கு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே 1995ல்தான் ரியல் ஆடியோ என்ற மென்பொருள் வந்தது. பாட்டோ பேச்சோ முழுதாக இறங்கும்வரை காத்திருக்காமல், தொலைபேசி மோடத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. ஐந்து வருடம் முன்னால் இதே மனிதர் இதைவிட இரண்டு மடங்கு உழைத்திருந்தாலும், சத்தம் போக கம்பி எங்கே இருந்தது?

1998 ஜூலையில், பிராட்காஸ்ட் டாட் காம் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 18 டாலருக்குக் கொடுத்த பங்கு முதல் நாள் மாலையில் 62.75 டாலர். அன்று காலைக்கும் மாலைக்கும் நடுவில் கியூபன் அப்படி என்ன உழைத்துவிட்டார் நடுவர் அவர்களே? அப்போது அது நஷ்டத்தில் ஓடிய கம்பெனி வேறு. அடுத்த வருடமே, 1999 ஏப்ரல் 1ஆம் தேதி, யாஹூ அதை 570 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது. தேதியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அந்தக் காலம்.

இதோடு ஒன்றை வைத்துப் பாருங்கள். 2006ல் கூகுள் யூடியூபை வாங்கிய விலை 165 கோடி டாலர். உலகமே பார்த்துக்கொண்டிருந்த யூடியூபுக்கு 165, மோடம் காலத்துக் கம்பெனிக்கு 570. யூடியூபைத் தொடங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட உழைக்கவில்லை என்று எதிரணி சொல்லத் தயாரா? இதற்கிடையில் 2002லேயே யாஹூ அந்தச் சேவையை மூடியும்விட்டது.

"அதே காலத்தில் எத்தனையோ பேர் இருந்தார்களே, எல்லோருமா கோடீஸ்வரர் ஆனார்கள்? காற்றுள்ளபோது தூற்ற ஆள் வேண்டாமா?" என்று எதிரணி அம்மையார் கேட்டார். சரி, நியாயமான கேள்வி. தூற்ற ஆள் வேண்டும். கியூபன் முறத்தோடு தயாராக நின்றார், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் கம்பெனியை விற்று வந்த 20 லட்சம் டாலருக்கும், இரண்டாவதை விற்று அவர் பங்குக்கு வந்த நூறு கோடி டாலருக்கு மேலான தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை எதைக் கொண்டு விளக்குவீர்கள்? ஆள் அதேதான், பழக்கமும் அதேதான், ராத்தூக்கம் கெட்டதும் அப்படியேதான். மாறியது வருடம் ஒன்றுதான்.

என் கடைசி சாட்சி கியூபனேதான். விற்ற பிறகு அவர் கையில் இருந்தது யாஹூ பங்குகள். அவர் சும்மா இருக்கவில்லை. விலை எவ்வளவு விழுந்தாலும் குறித்த விலைக்கு விற்கும் உரிமையை வாங்கிவைத்தார். அதற்கு ஈடாக, ஒரு அளவுக்கு மேல் ஏறினால் வரும் லாபத்தை விட்டுக்கொடுத்தார். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2000 மார்ச்சில் 5048 புள்ளிகளில் இருந்த அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான நாஸ்டாக் 2002 அக்டோபரில் 1114க்கு வந்தது. யாஹூ பங்கு 2001ல் பத்து டாலருக்கும் கீழே போனது. அவர் பணம் மட்டும் தப்பித்தது.

இதைத்தான் எதிரணி "புத்திசாலித்தனம்" என்று எடுத்துக்காட்டியது. புத்திசாலித்தனம்தான், ஆனால் எந்தப் புத்தி? இந்த விலை என் உழைப்பின் விலை இல்லை, காலம் ஏற்றிவிட்ட விலை, அதுவே இறக்கியும் விடும் என்று புரிந்துகொண்ட புத்தி. உழைப்பால் வந்தது நிலைக்கும் என்று நம்பியிருந்தால், மேலே வரக்கூடிய லாபத்தை விட்டுக்கொடுத்து எதற்காக அந்தப் பாதுகாப்பை வாங்கினார்? அடுத்து எழுந்து வருகிற உழைப்பு அணி நண்பர் குப்பைப் பைக் கதைக்கு மறுபடி போகாமல், இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.