எத்தனை முறை சொன்னாலும் புத்தகத்தை மறந்துவிடுகிறான்: பிறையிலிருந்து ஒரு தாயின் கேள்வி

வணக்கம். பினாங்கு பிறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "டீச்சர், ராத்திரி பத்து மணிக்கு நான்தான் அவன் பையை அடுக்குகிறேன். அப்படியும் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. வீட்டிலும் போட்டது போட்டபடி கிடக்கிறது. திட்டித் திட்டி அலுத்துவிட்டது. இவனுக்கு எப்போதுதான் பொறுப்பு வரும்?" என்கிறார்.

அம்மா, உங்கள் மகன் வேண்டுமென்றே மறக்கவில்லை. நாளைக்கு என்ன தேவை என்று இன்றே யோசிப்பது, அதை ஞாபகத்தில் வைத்து வரிசையாகச் செய்வது, இதெல்லாம் மூளையின் முன்பகுதி செய்கிற வேலை. அது முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். 9 வயதுப் பிள்ளையிடம் "பொறுப்பா இருடா" என்றால், என்ன செய்ய வேண்டும் என்றே அவனுக்குப் புரியாது. "நாளைக்குக் கணிதம் இருக்கு, பயிற்சி நூல் பையில் இருக்கா பாரு" என்றால் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையை அடுக்குவது நீங்கள் என்றால், எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். என் மூத்த மகளுக்கு ஆறாம் ஆண்டு வரைக்கும் நானே அடுக்கிக் கொடுத்தேன். இடைநிலைப்பள்ளியில் படிவம் 1க்குப் போனாள். பாடத்துக்கு ஒரு ஆசிரியர், எல்லாம் மலாயில், கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. முதல் மாதம் முழுக்க ராத்திரியில் அழுதாள். பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆறு வருடம் அவள் கற்றுக்கொள்ள வேண்டியதை நான் பிடுங்கிக்கொண்டேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை அவனையே தரையில் கொட்டச் சொல்லுங்கள். முழுதாக, அடிவரைக்கும். நான் பார்த்த பைகளில் என்னவெல்லாம் வரும் தெரியுமா? பென்சில் துருவல், மூடியில்லாத பசை, கறுத்துப்போன வாழைப்பழம், இரண்டு வாரத்துக்கு முன்னால் பெற்றோர் கையெழுத்துக்காகப் பள்ளி அனுப்பிய கடிதம் நாலாக மடிந்து ஓரமெல்லாம் கிழிந்து. அப்போது கோபப்படாதீர்கள். "இது எங்கே போகணும்?" என்று ஒவ்வொன்றாக அவனையே கேளுங்கள். பள்ளி இரவலாகக் கொடுத்த பாடநூல்கள் ஒரு பக்கம், பயிற்சி நூல்கள் ஒரு பக்கம், கடிதங்களுக்கு என்று ஒரே ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

அப்புறம் கால அட்டவணை. அதை உங்கள் உயரத்தில் ஒட்டாதீர்கள், அவன் கண் உயரத்தில் ஒட்டுங்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், கைப்பேசியை எடுப்பதற்கு முன்னால், அவன் அட்டவணையைப் படிக்கட்டும், அவனே எடுத்து வைக்கட்டும். பத்து மணிக்கு வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் ஓடாது. முதலில் பக்கத்தில் உட்காருங்கள். கொஞ்ச நாளில் அவன் அடுக்கியதை மட்டும் பாருங்கள். பிறகு "அட்டவணை பார்த்தாச்சா?" என்று ஒரு கேள்வி போதும். உங்களுக்கு நைட் ஷிப்ட் என்றால் அப்பாவோ பாட்டியோ அதே கேள்வியை அதே நேரத்தில் கேட்க வேண்டும். ஆள் மாறலாம், நேரம் மாறக்கூடாது.

வாசல் பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்குங்கள். பை, தண்ணீர்ப் போத்தல், காலணி மூன்றும் ராத்திரியே அங்கே வந்துவிட வேண்டும். 2021லிருந்து பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கறுப்புக் காலணி என்று ஆனது நமக்கு நல்லதாய்ப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் காலணியைத் தேய்த்துக் காயவைக்கிற வேலை போய்விட்டது. மிச்சமான அந்த நேரத்தில் விளையாட்டு, சீருடை இயக்கம் போன்ற புறப்பாட நடவடிக்கைக்கான உடையை அவன் எடுத்து மாட்டி வைக்கட்டும்.

வாட்ஸ்அப் வகுப்புக் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுப்பாடம் என்ன என்று ராத்திரி அங்கே கேட்பதை நிறுத்துங்கள். அம்மா கேட்டுச் சொல்வாள் என்றால் பிள்ளை வகுப்பில் ஏன் எழுதிக்கொண்டு வரப்போகிறான்? முதலில் அவனைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் அவனே நண்பனுக்குப் பேசட்டும். மறந்த புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடாதீர்கள். மூக்குக் கண்ணாடி, மருந்து என்றால் ஓடுங்கள். வண்ணப் பென்சிலுக்கு வேண்டாம்.

வீட்டில் சாமான் இறைந்து கிடப்பதற்கு ஒரே வழிதான். விளையாட்டுச் சாமானுக்கு ஒரு கூடை, அழுக்குத் துணிக்கு ஒரு கூடை. வைக்க இடம் காட்டாமல் "எடுத்து வை" என்றால் எங்கே வைப்பான்?

எவ்வளவு நாள் ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்து 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதுவும் பெரியவர்களுக்கு. அதனால் இரண்டு வாரம் பார்த்துவிட்டு "இவன் திருந்தமாட்டான்" என்று மட்டும் அவன் காதில் விழச் சொல்லாதீர்கள், அம்மா.

நீங்கள் சீக்கிரம் வீடு திரும்புகிற ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து அந்தப் பையைக் கொட்டுங்கள். அடியில் என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.